பிசிர் போகும்வரை

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளைப் பூட்டு பல வருடங்களாகக் கிடந்தது. சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. பூட்டு எதையும் பூட்டவில்லை, தன்னைத் தானே பூட்டிக்கொண்டு சும்மா இருந்தது. இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அதைக் கையில் எடுப்பேன். தூக்கிப் போட மனசு வராது, பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். ஒருநாள் அப்படி எடுத்தவன் உள்ளே வைக்காமல் மேசைமேல் வைத்தேன். அதிலிருந்து பிடித்த பைத்தியம் இது.

சாவியில்லாமல் பூட்டைத் திறப்பது சிலருக்கு ஒரு விளையாட்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. 1997இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். போட்டி வைக்கிறார்கள், கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்கிறார்கள், தோற்றவர் ஜெயித்தவரிடம் “எப்படித் திறந்தாய்?” என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார். சதுரங்கம் மாதிரிதான்.

தமிழில் இதை எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லே காலை வாருகிறது. கள்ளச்சாவி. சொல்லுக்குள்ளேயே திருடன் உட்கார்ந்திருக்கிறான். சுவரில் ஓட்டை போடும் கன்னக்கோலுக்குக்கூட கொஞ்சம் மரியாதையான பெயர் இருக்கிறது. இதற்கு இல்லை. உண்மையில் நான் செய்தது சாவியே அல்ல, நுனி வளைந்த ஒரு மெல்லிய இரும்புத் துண்டு. அதனால் இங்கே கொக்கி என்றே எழுதுகிறேன். அதோடு சேர்ந்து இன்னொரு வளைந்த கம்பி வேண்டும். டென்ஷன் ரெஞ்ச் என்பார்கள். அது எனக்கு முறுக்குக் கம்பி.

திருடன் பேச்சு வந்துவிட்டதால் விதிகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விதி இரண்டுதான். உன் பூட்டை மட்டும் தொடு, அல்லது உடையவர் வாயால் சரி என்று சொன்ன பூட்டை. இரண்டாவது, உன்னுடையதாகவே இருந்தாலும் தினமும் பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே. முதல் விதி நேர்மை சம்பந்தப்பட்டது, விளக்கம் தேவையில்லை. இரண்டாவதன் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது, வாசல் கதவில் கைவைக்காமல் தப்பித்தேன். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் 2003இல் வந்த சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் இப்படிப்பட்ட கருவிகளை வைத்திருப்பதே குற்றம். ஆகவே அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அரத்தைப் பற்றிப் பேசி ஒன்றும் விளங்காது. சாவியை நுழைத்ததும் திரும்புகிறதே, அந்த உள்ளுருளைக்கு மேலே ஒரு கூடு. இரண்டுக்கும் பொதுவாக வரிசையாய் 4 அல்லது 5 துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு துண்டாக வெட்டிய சிறு குச்சி, அதன் தலைமேல் ஒரு ஸ்பிரிங். அந்தக் குச்சியை எல்லோரும் பின் என்பார்கள். “பின் பின்னால் போன பின்” என்றெல்லாம் எழுதிக் குழம்ப வேண்டாம் என்று முளை என்றே சொல்கிறேன். மேல்முளை கூட்டுக்கும் உருளைக்கும் குறுக்கே நிற்கும்வரை உருளை திரும்பாது. சரியான சாவி போனால் அதன் மேடு பள்ளங்கள் எல்லா முளைகளையும் அளவாகத் தூக்கி, இரண்டு துண்டுக்கும் நடுவிலுள்ள வெட்டை உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும். அப்போது திரும்பும்.

யோசனை மிகப் பழையது, எகிப்தில் மரத்திலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள். இப்போது நம் கையிலிருக்கும் வடிவத்துக்கு அமெரிக்காவின் லைனஸ் யேல் என்ற அப்பாவும் அதே பெயருள்ள மகனும் காரணம். அப்பா 1848இல் ஒரு காப்புரிமை வாங்கினார், மகன் 1861இல் தட்டையான சிறு சாவியோடு அதை மேம்படுத்தினார்.

இதில் ஓட்டை எங்கே என்றால், துளைகளில். அந்த 5 துளைகளும் கச்சிதமாக ஒரே நேர்க்கோட்டில் இருப்பதே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அப்படி இப்படி விலகியிருக்கும். முறுக்குக் கம்பியால் உருளையைச் சாவி திரும்பும் பக்கமாக மெல்ல முறுக்கிப் பிடித்தால், எல்லா முளைகளும் ஒரே சமயத்தில் இறுகாது. விலகல் அதிகமுள்ள ஏதோ ஒன்று முதலில் மாட்டும். அதை மட்டும் கொக்கியால் தூக்கினால் வெட்டு விளிம்புக்கு வரும், உருளை ஒரு மயிரிழை திரும்பும், அந்த முளை அப்படியே நின்றுகொள்ளும். அடுத்து இன்னொன்று மாட்டும். இப்படி ஒவ்வொன்றாக. பூட்டு செய்தவரின் கை எங்கே தவறியதோ அங்கேதான் நம் கைக்கு வேலை.

சரி, வாங்கிவிட்டால் போகிறது, எதற்குச் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. நல்ல கருவிகள் எளிதாகக் கிடைக்கின்றன, நான் செய்த முதல் மூன்றையும்விட அவை நிச்சயம் மேல். எனக்கிருந்த காரணம் அசட்டுத்தனமானது. ஒரு துண்டு இரும்பைத் தேய்ப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் எந்த இரும்பு என்று பார்த்தேன். கொக்கி மெல்லியதாக இருக்க வேண்டும், வளைந்தால் தானாக நிமிர வேண்டும். கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கிறார்களே சினிமாவில், அது நாலு தடவை நெம்பினால் நூடுல்ஸ் மாதிரி ஆகிவிடும். ஸ்பிரிங் எஃகுதான் சரி. வீட்டைச் சுற்றிப் பார்த்தால் அது பல வேஷங்களில் இருக்கிறது. இரும்பு அறுத்துத் தேய்ந்துபோன ஹேக்ஸா ரம்பத்தின் பிளேடு ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் கனம், அரை அங்குல அகலம், கொக்கிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. இயந்திரங்களில் இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ் இன்னும் வசதி, ஒவ்வொரு தகட்டின்மேலும் கனத்தைப் பொறித்தே வைத்திருப்பார்கள். 0.6 தகட்டை எடுத்துக்கொள்ளலாம், சாவித்துளை ஒடுக்கமான பூட்டென்றால் 0.5. கார் வைப்பரின் ரப்பருக்குள் இரண்டு பக்கமும் செருகியிருக்கும் மெல்லிய பட்டைகள் முறுக்குக் கம்பிக்கென்றே பிறந்தவை. தெருப் பெருக்கும் வண்டிகளின் தூரிகையிலிருந்து உதிரும் தட்டைக் கம்பிகளைச் சாலையோரம் குனிந்து பொறுக்குகிற ஆட்களும் உண்டு. நானும் இப்போது அந்த ஜாதிதான். நடக்கும்போது கண் தரையிலேயே இருக்கிறது.

முதல் கொக்கியைச் சாணை இயந்திரத்தில் செய்தேன். தெரிந்த ஒருவரிடம் சிறியது ஒன்று இருந்தது. பழைய ஹேக்ஸா பிளேடை அதில் வைத்ததும் தீப்பொறி பறந்தது, பற்கள் போயின, பத்தே நிமிஷத்தில் ஒரு வடிவம் வந்துவிட்டது. பெருமை தாங்கவில்லை. நுனியில் மட்டும் நிறம் மாறியிருந்தது. முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் ஒரு செத்த சாம்பல். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். பழகுவதற்காக, சாவி உள்ள சின்ன பூட்டு ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அதில் நுழைத்து ஒரு முளையைத் தூக்கினேன். முளை அசையவில்லை, கொக்கிதான் வளைந்தது. வெளியே எடுத்து விரலால் நிமிர்த்தினேன், சொன்னபடி கேட்டது. ஸ்பிரிங் எஃகு சொன்னபடி கேட்கக் கூடாது.

தாய்மாமா ஒருவர் ஆயுள் முழுக்க ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எதற்கு என்று முதலில் சொல்லவில்லை. நுனியைப் பார்த்ததுமே, “பதத்தைக் கொன்னுட்டியேடா” என்றார்.

அந்த நிறங்கள் எல்லாம் வெப்பமானி என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கடினப்படுத்திய எஃகைச் சூடாக்கினால் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வளரும், கனத்துக்கேற்ப நிறம் காட்டும். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220, 230 டிகிரி செல்சியஸ். ஊதா 280 பக்கம். நீலம் 300 பக்கம். ஸ்பிரிங்குக்குரிய பதம் அந்த நீலத்தை ஒட்டித்தான் இருக்கிறது, அதுவரை பெரிய மோசமில்லை. அதைத் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போனால் கடினம் இறங்கிக்கொண்டே போகும், எஃகு வெறும் தகரமாகும். அரை மில்லிமீட்டர் தகட்டின் கூர்நுனிக்குச் சூட்டை ஒளித்துவைக்க உடம்பில் இடமில்லை, சாணை தொட்ட ஓரிரு விநாடியில் எல்லை தாண்டிவிடும். அடிக்கடி தண்ணீரில் முக்கி, விரல் தாங்கும் சூட்டிலேயே வைத்திருந்தால் சாணையிலும் செய்யலாம்தான். எனக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தால் சாணையையே தேடிப் போயிருக்க மாட்டேன்.

போன பதத்தை மீட்க வழி உண்டு. கார்பன் எஃகென்றால் காந்தம் ஒட்டாத அளவுக்குச் செஞ்சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, பிறகு மறுபடி மெல்லச் சூடாக்கிப் பதம் இறக்கலாம். வைப்பர் பட்டை மாதிரியான துருப்பிடிக்காத எஃகில் இதுவும் எடுபடாது, அதன் விறைப்பு ஆலையில் குளிர்ந்த நிலையில் உருட்டி உருட்டி வந்தது. முதல்முறை செய்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு? ஆலையில் கொடுத்த பதத்தைக் கெடுக்காமல் இருந்தாலே போதும். அதற்கு இருக்கிற ஒரே சுலபமான வழி, சூடே ஏறாத கருவி. மாமா சுவரில் தொங்கிய அரத்தைக் காட்டினார்.

அரத்தை நான் அதுவரை பிடித்ததே இல்லை என்று சொல்ல வேண்டும். பிடித்திருக்கிறேன், பிடிக்கிற மாதிரி பிடித்ததில்லை. முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். “தள்ளும்போதுதாண்டா அது வெட்டும். இழுக்கும்போது தூக்கிக்கோ” என்றார். அரத்தின் பல் முன்னோக்கிச் சாய்ந்தது. திரும்பி வரும்போது அழுத்தினால் இரும்பு தேய்வதில்லை, அரம்தான் தேயும். அவசரமும் கூடாது. நிமிஷத்துக்கு 40, 50 தள்ளு போதும், முழு நீளத்துக்கும் தள்ள வேண்டும். பல்லிடுக்கில் இரும்புத்தூள் அடைத்துக்கொண்டால் அது தகட்டில் ஆழமாகக் கீறும், அதனால் அரத்தில் முன்கூட்டியே சாக்பீஸைத் தேய்த்துவிட வேண்டும். இப்படிப்பட்ட விஷயங்களையெல்லாம் மாமா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் ஒரு வாரம் கழித்துப் புரிந்துகொள்வேன்.

மெல்லிய தகடுக்கென்று ஒரு தொல்லை உண்டு. வைஸ் என்கிற இறுக்குப்பிடியில் பிடித்து அரம் வைத்தால் கிறீச்சென்று அலறும், அதிரும், அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்க்கும். தாடைக்கு மேலே தகடு அதிகமாக நீட்டியிருப்பதுதான் காரணம். 2, 3 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி இறக்கிப் பிடித்து, இரு பக்கமும் மரத்துண்டோ அலுமினியப் பட்டையோ அணைகொடுத்தால் சத்தம் அடங்கிவிடும். அலறல் நின்றால் வெட்டு சரியாக விழுகிறது என்று பொருள். காது வேலை செய்யத் தொடங்கியது அங்கேதான். நன்றாக வெட்டும் அரத்துக்கு ஒரு சத்தம், வழுக்கிக்கொண்டு போகும் அரத்துக்கு வேறொரு சத்தம். கைக்கும் அப்படியே: கடித்துப் பிடிக்கிற உணர்வு, சறுக்குகிற உணர்வு, நடுவில் எங்கோ தட்டுகிற உணர்வு. இதெல்லாம் பிற்பாடு பூட்டுக்குள் திரும்ப வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

இரண்டாவது கொக்கியை ஃபீலர் கேஜ் தகட்டில் தொடங்கினேன். தகடு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, அதன்மேல் கூரான ஊசியால் வடிவத்தைக் கீறினேன். கறுப்பில் வெள்ளிக் கோடு பளிச்சென்று தெரியும், தாளில் வரைந்து ஒட்டுவதைவிட இது எனக்கு வசதி. கைப்பிடிக்கு முழு அகலம். அங்கிருந்து 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு, 2.5 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்டு. நுனியில் தண்டுக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் எழும்பும் மழுங்கிய மூக்கு. வைரம், பாம்பு, அலை என்று பல வடிவங்கள் இருக்கின்றன, பார்க்கவும் கவர்ச்சியாக இருக்கும். முதலில் செய்கிறவர் அதையெல்லாம் மறந்துவிட்டு ஒரு குட்டைக் கொக்கி மட்டும் செய்தால் போதும். பெரும்பாலான வேலை அதில் முடிந்துவிடும், தேய்ப்பதற்கும் எளிது.

இந்தத் தடவை பதம் போகவில்லை. மணிக்கணக்கில் தள்ளினேன், தகடு விரலுக்கு இளஞ்சூடாகக்கூட ஆகவில்லை. பெரிய அரத்தால் சுமாராக வடிவம் கொண்டுவந்து, நுணுக்கத்துக்கு ஊசி அரங்கள். தண்டு கைப்பிடியோடு சேரும் மூலையை முக்கோண அரத்தால் கத்தி வெட்டினாற்போல் கூர்மையாக எடுத்தேன். மூக்கு எழும்பும் இடத்திலும் அதே மாதிரி. வரைந்த கோட்டோடு துல்லியமாகப் பொருந்தியது. அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டு, உப்புத்தாள் கூடப் போடாமல் நேரே பூட்டுக்குப் போனேன்.

மூன்றாவது முளையில் “டிக்” என்றது. திறந்துவிட்டது என்றே நினைத்தேன். கொக்கியை வெளியே இழுத்தால் மூக்கில்லாமல் வந்தது.

எஃகு உடைந்தது அந்தக் கூர்மூலையில். பாரம் வரும்போது அழுத்தமெல்லாம் உள்மூலையில் வந்து குவியும், மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அதிகம் குவியும். வளைவாக இருந்தால் அது பரவிவிடும். முக்கோண அரத்தை ஒதுக்கிவிட்டு வட்ட அரத்தை எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூலை மட்டுமல்ல, தண்டின் குறுக்கே விட்டுவைத்த அரக்கீறல் ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலை, விரிசல் அங்கிருந்தும் தொடங்கும். மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. உடைந்த துண்டு எங்கே என்று மட்டும் கேட்டார். “பூட்டுக்குள்ளதான் மாமா.” அப்போதுதான் சிரித்தார். பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே என்ற விதியை எழுதியவர் யாராயிருந்தாலும் அவர் கொக்கியும் ஒருநாள் உடைந்திருக்கிறது.

ஒரு சின்ன விலகல். 1790 முதல் லண்டனில் ஒரு பூட்டுக்கடை ஜன்னலில் ஜோசஃப் பிராமா என்பவரின் பூட்டு தொங்கியது, இதைத் திறக்கும் கருவியைச் செய்கிறவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலப் பணம்) என்ற அறிவிப்போடு. 60 வருடங்களுக்குமேல் யாராலும் முடியவில்லை. 1851இல் உலகக் கண்காட்சிக்காக அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் அதைத் திறந்தார். 16 நாட்களில் பரவி, மொத்தம் 51 மணி நேரம். மக்கள் அந்த 51 மணி நேரத்தைத்தான் பேசுவார்கள். அந்த ஒரு பூட்டுக்கென்றே கருவிகளைத் தயார்செய்துகொண்டு உட்கார்ந்தாரே, எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. அறிவிப்பே கருவியைச் செய்கிறவருக்கு என்றுதானே இருந்தது.

மூன்றாவதற்கு மாமா தன் பழைய ஹேக்ஸா பிளேடு ஒன்றைக் கொடுத்தார். பற்களில் அரம் ஏறாது, வழுக்கும், பல் பக்கம் மட்டும் தனிக் கடினம். அதை எண்ணெய்க்கல்லில் தேய்த்து எடுத்தேன். மிச்சமெல்லாம் அரம்தான். அதிகமாக எடுக்க வேண்டிய இடத்தில் இரு பக்கமும் அரத்தால் பள்ளம் கீறி, வைஸில் பிடித்து இடுக்கியால் உடைத்துத் தள்ளலாம், நேரம் மிச்சமாகும். உடைக்கும்போது கண்ணாடி அணிவது கட்டாயம், தெறிக்கிற துண்டு எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. எல்லா உள்வளைவுக்கும் வட்ட அரம். கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, அரத்தைக் குறுக்காக இரு கையாலும் பிடித்துத் தண்டின் நீளவாக்கில் இழுத்தேன். கீறல்கள் நீளவாக்கில் திரும்பின.

இனித்தான் பிசிர். அரம் போன விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மீசை நிற்கும். நான் இரண்டாம் கொக்கியில் அதை எடுக்கவே இல்லை. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றால், பூட்டுக்குள் கொக்கி தொட்ட இடத்திலெல்லாம் உரசும், ஒவ்வொரு முளையும் ஏதோ சொல்கிற மாதிரி இருக்கும். முளை பேசுகிறதா நம் பிசிர் பேசுகிறதா என்று பிரிக்க முடியாது. வழவழப்பு அழகுக்காக என்று நினைத்திருந்தேன், காதில் அழுக்கு எடுக்கிற மாதிரியான வேலை அது.

உப்புத்தாளை ஒரு மரச்சட்டத்தில் சுற்றி 220ஆம் நம்பரில் தொடங்கினேன். அப்புறம் 400, 600, 1000. எப்போதும் நீளவாக்கில் மட்டும். ஒரு நம்பரின் கீறல் முழுதாக மறைந்த பிறகுதான் அடுத்தது. நடுவில் ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல் எட்டிப் பார்த்துச் சிரிக்கும், நான் இரண்டு தடவை திரும்பப் போனேன். சோதிப்பதற்கு விரல்நுனியை நம்பாதீர்கள், அது கொஞ்ச நேரத்தில் மரத்துவிடும். நகத்தின்மேல் விளிம்பை மெல்ல இழுத்தால் பிசிர் இருக்கும் இடம் தட்டும். பஞ்சு இன்னும் கறார், ஒரு இழை மாட்டினாலும் வேலை பாக்கி. மூன்று மாலைகள் ஆயின. இரும்புத்தூளைக் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒற்றி எடுத்தேன், பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் உள்ளே சுருண்டுவிடும். கைப்பிடிக்கு இரண்டு மெல்லிய மரச்சில்லுகளை ஒட்டி நூல் சுற்றினேன். அழகில்லை, ஆனால் கையில் உட்காருகிறது.

முறுக்குக் கம்பி ஒரு அரைமணி வேலை. வைப்பர் பட்டையில் ஒரு விரல் நீளம் வெட்டி, ஒரு முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆணியைச் சுற்றி மடக்கினேன். ஆணியைச் சுற்றி என்பது முக்கியம், வைஸின் விளிம்பில் வைத்து மடக்கினால் மடிப்பு கூராகி வெடிக்கும். 90 டிகிரியைத் தாண்டி மடக்கிவிட்டால் பின்வாங்கி 90இல் நிற்கும்.

பூட்டின்மேல் உட்கார்ந்த முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. சின்ன பூட்டுக்குள் துண்டு மாட்டியிருந்ததால், சாவி உள்ள வேறொரு பூட்டை எடுத்திருந்தேன். முறுக்குக் கம்பியை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தேன், எல்லாப் புதியவர்களையும் போல. அப்படி அழுத்தினால் எல்லா முளையும் இறுகி எதுவும் பேசாது. விரலின் சொந்தப் பாரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் தேவை. அந்த அளவைக் கண்டுபிடித்த பிறகு கொக்கி வழியாக விஷயங்கள் வரத் தொடங்கின. ஸ்பிரிங் மட்டும் தள்ளுகிற முளை மெத்தையாக இருக்கிறது. மாட்டிய முளை கல்லாக இருக்கிறது. அந்தக் கல்லை மெல்லத் தள்ளினால் ஒரு கடி, ஒரு நழுவல், ஒரு சிறு தட்டு. இதை நான் ஏற்கெனவே எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அரத்தில்தான். தகடு கடிப்பதையும் சறுக்குவதையும் வாரக்கணக்கில் கையால் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு இந்தப் பாஷை புதிதல்ல. கருவியைக் கடையில் வாங்கியிருந்தால் எனக்கு இது இன்னும் பல மாதம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது, என் அபிப்பிராயம்.

இரண்டாம் நாள் இரவு அது திறந்தது. சத்தம் எதிர்பார்த்ததைவிடச் சின்னது. உடனே பூட்டி மறுபடி முயன்றேன், ஒரு மணி நேரம் ஆகியும் திறக்கவில்லை. அதன் பிறகு 10 நிமிஷம். அப்புறம் 2.

நடுவில் ஒரு விஷயம். சில பூட்டுகளில் மேல்முளையை உடுக்கை மாதிரி இடை சிறுத்துச் செய்திருப்பார்கள். தூக்கும்போது அந்த இடை விளிம்பில் மாட்டிக்கொள்ளும், உருளை நன்றாகவே திரும்பிவிட்டு நிற்கும், திறந்த மாதிரியே இருக்கும், திறந்திருக்காது. அப்போது முறுக்கைத் தளர்த்தி, உருளை எதிர்ப்பக்கம் கொஞ்சம் திரும்புவதற்கு இடம் கொடுத்தால்தான் உடுக்கை நழுவி மேலே போகும். முன்னேறியதை விட்டுக்கொடுக்க மனசு வராது, விரலும் கேட்காது. இதில் நான் இன்னும் கற்றுக்குட்டி.

சின்ன பூட்டுக்குள் போன மூக்குக்கு நான்காவதாக ஒரு கருவி செய்தேன். 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் தகட்டில், தூண்டில் முள் மாதிரி நுனியில் பின்நோக்கிய ஒரு பல். எதையும் தூக்க வேண்டியதில்லை, ஓரமாக நுழைந்து பின்னால் இருந்து இழுத்துவந்தால் போதும். பூட்டைத் தலைகீழாகப் பிடித்து, தட்டி, இழுத்து, தட்டி, ஏறக்குறைய ஒரு மணி நேரம். 4 மில்லிமீட்டர்த் துண்டு மேசையில் விழுந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல் மாதிரி மின்னியது, விளிம்பெல்லாம் பிசிர்.

அதற்குப் பிறகுதான் இழுப்பறைப் பூட்டை எடுத்தேன். அதற்குச் சாவி இல்லை என்பதால் உள்ளே என்ன இருக்கும் என்பதற்குத் துப்பே இல்லை. வருடக்கணக்கான தூசி, முளைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம் கிராஃபைட் தூள் ஊதி, எல்லாவற்றையும் நாலு தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டேன். முறுக்குக் கம்பியைப் போட்டு மூன்றாவது கொக்கியை நுழைத்தேன். நான்காவது முளை கல்லாக இருந்தது, தட்டியது. அடுத்து முதலாவது. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. முறுக்கைத் துளி தளர்த்தினேன், மூன்றாவது நழுவியது. இரண்டாவது எப்போது அமர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. உருளை மெத்தென்று திரும்ப, வளையம் மேலே துள்ளியது.

மாமாவுக்கு போன் செய்தேன். “தொறந்துடுச்சு மாமா.” “பிசிரெல்லாம் எடுத்தியா?” என்றார், அதுதான் கேள்வி. எடுத்தேன் என்றேன். பேசிக்கொண்டே, எப்போதும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்கிற பழக்கதோஷத்தில், கட்டைவிரலால் வளையத்தை அழுத்தினேன்.

கிளிக்.